முழங்கை அளவு

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியைக் கரையான் தின்று தீர்த்தபோது சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். கதவைத் திறந்தால் கீல் கையோடு வந்தது. மல்லித்தூள் டப்பாவைத் தூக்கினால் அடியில் மண்கோடு ஓடியிருந்தது. மற்றவர்கள் செலவை நினைத்துத் தலையில் கை வைத்தார்கள். நான் மட்டும், தின்னு சாமி, நல்லாத் தின்னு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணமாகிப் பழனிசெட்டிபட்டிக்கு வந்ததிலிருந்து அந்தச் சமையலறையில் நான் சமைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது என் மாமியாருடைய சமையலறை. குழம்புக்கு எண்ணெய் எவ்வளவு, கருவாடு என்றைக்கு, யார் வந்தால் காபி, யார் வந்தால் வெறும் மோர் என்பதெல்லாம் அவர் உத்தரவு. மேடைகூட அவர் உயரத்துக்குக் கட்டியதுதான். அவர் நெடுநெடுவென்று இருப்பார். நான் குள்ளம். அதனால் எனக்கு அந்த வீட்டில் 'உழக்கு' என்று பேர். விருந்தாள் வந்தாலும் அதே பேர்தான். 'ஏ உழக்கு, தண்ணி கொண்டா' என்பார். விருந்தாட்கள் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும், சிரிக்காவிட்டால் திமிர் பிடித்தவள்.

உயரமான மேடையில் சமைக்கிற குள்ளச்சிக்கு என்ன ஆகும் என்று உயரமானவர்களுக்குத் தெரியாது. கை எப்போதும் தூக்கியே இருக்கும். தோள்பட்டை இறங்கிவிடும். தாளிக்கும்போது கடுகு மற்றவர்களுக்குக் கையில் தெறிக்கும், எனக்கு முகத்தில் தெறிக்கும். தாடைக்குக் கீழே இன்னும் இரண்டு தழும்பு இருக்கிறது. புதுச் சமையலறை வரும்போது மேடையை என் உயரத்துக்கு இறக்கிவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வேறு எதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு உரக்கடை. "ரொம்ப ஒசத்தியும் வேணாம், ரொம்ப மட்டமும் வேணாம், நடுவாந்தரமாப் பாப்போம்" என்றார். அவர் எதற்கும் சொல்வது இதுதான். பெண் பார்க்க வந்துவிட்டுப் போன அன்றும் இதையே சொல்லித்தான் என்னைக் கட்டச் சம்மதித்தாராம். மாமியார்தான் இதை எனக்குச் சொன்னார், என் வளைகாப்பு அன்றைக்கு.

நடுவாந்தரத்துக்குள் எது நல்லது என்று தேடும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஒரு தனியார் பள்ளி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். எம்.டி.எஃப் பலகை விலை குறைவு, ஆனால் மலைச் சாரல் அடிக்கிற ஊரில் ஈரம் குடித்து உப்பிவிடும். பிளைவுட் பரவாயில்லை. கதவுக்கு அக்ரிலிக் பளபளவென்று இருக்கும், ஒரு கீறல் விழுந்தால் காலத்துக்கும் கண்ணை உறுத்தும். லேமினேட் போதும். மெத்தென்று தானே மூடிக்கொள்ளும் டிராயரை எல்லாவற்றுக்கும் போட்டால் கட்டுப்படியாகாது. பாத்திர டிராயருக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். இப்படியெல்லாம் வீட்டில் எடுத்துச் சொன்னபோது முதல் முறையாக எல்லோரும் நான் பேசுவதைக் கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேனியில் கம்பம் ரோட்டில் இருந்த ஒரு கடைக்குப் போவது என்று முடிவாயிற்று. கிளம்புகிற நேரத்துக்கு ஜெயமங்கலத்திலிருந்து மதினி வந்து இறங்கினார், தன் மகளையும் கூட்டிக்கொண்டு. மதினி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. "கலர் பாக்கச் சும்மா கூட வர்றோம்" என்றார். அந்தப் பெண் அப்போதுதான் காலேஜ் முடித்திருந்தது. அப்பன் வழியில் நல்ல உயரம், காரில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தே உட்கார்ந்து வந்தது.

எங்கள் பக்கம் நாத்தனார் மகள் என் மகனுக்கு முறைப்பெண். அந்த உரிமையை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. துண்டு போட்டு வைத்த பஸ் சீட் போல அது பாட்டுக்கு இருக்கும். என் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவன் கல்யாணப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் முதலில் என்னிடம்தான் எடுப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையில் மாதிரிக்கு ஒரு முழுச் சமையலறையே கட்டி வைத்திருந்தார்கள். பலகை, கதவு, டிராயர் எல்லாம் நான் சொன்னபடியே பேசி முடிந்தது. கடைக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வீட்ல சமைக்கிறது யாருங்க? அவுக இங்கன வந்து நிமுந்து நில்லுங்க. முழங்கைய மடக்கணும். அதுக்கு ஆறு வெரக்கட கீழ மேடைய வச்சோம்னா ஆயுசுக்கும் தோளு வலிக்காது."

ஆயுசுக்கும் என்று அவர் சொன்னது எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு முன்னால் போனேன். மாமியார் கையை நீட்டி என்னை மறித்தார்.

"நீ எங்கத்தா போற? தள்ளு. ஏ தங்கம், நீ வந்து நில்லு."

மதினி மகள் தயங்கித் தயங்கி வந்து நின்றது. முகமெல்லாம் சிவந்துபோயிருந்தது. கடைக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு வெறுங்காலோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"இவுகளா சமைக்கப் போறாக?"

"இன்னைக்கி இல்ல. நாளைக்கி அவதான?" என்றார் மாமியார். "இது காலத்துக்கும் இருக்கப் போற மேடை. போற ஆளுக்கா அளவெடுப்பாக? வர்ற ஆளுக்கு எடுப்பா."

எனக்கு நாற்பத்தொன்பது வயது. சொன்னவருக்கு எழுபத்தாறு. போகிற ஆள் நான்.

"நான் எங்கயும் போகலயே அத்த" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மாமியாராயிட்டா ஒனக்கு எதுக்குத்தா அடுப்பு? அக்கடான்னு ஒக்காந்து சாப்புடு."

இதைச் சொன்னவர் மாமியாராகி இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அடுப்படி அதிகாரத்தை விட்டுக் கொடுத்தாரா? கேட்டிருக்கலாம். கடையில் ஆட்கள் நின்றார்கள். மதினி முந்தானையால் வாயைத் துடைப்பதுபோலச் சிரிப்பை மறைத்தார். என் வீட்டுக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டிராயரை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். அது மெத்து மெத்தென்று மூடிக்கொண்டது. கடைக்காரர் அந்தப் பெண்ணின் முழங்கையில் டேப்பை வைத்து அளவெடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன்.

"நாலு வெரக்கட ஒசரத்துக்கா இம்புட்டுப் பேச்சு?" என்றார்.

"நாலு வெரக்கடயிலதான் என் தோளே போச்சு."

"ஆத்தா ஆசப்படுது. வயசான மனுசி. இன்னும் எத்தன நாளைக்கி?"

இந்தக் கேள்வியைத்தான் இருபத்தாறு வருஷமாகக் கேட்கிறார். கிழவி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.

நான் உடனே மகனுக்குப் போன் போட்டிருக்க வேண்டும் என்று இதைப் படிப்பவர்கள் நினைக்கலாம். போடவில்லை. என் மகனை எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. அவனைக் கேட்காமல் அவன் கல்யாணத்தை முடிவு செய்தால் அவன் குதிப்பான், அதுவும் எனக்காகக் குதிப்பான். அந்தக் குதியைத் தனியாகப் போனில் கேட்டு வீணாக்க எனக்கு மனமில்லை. சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கும்போது அவன் வாயால் வர வேண்டும். என் மாமியார் முகம் அப்போது போகிற போக்கை நான் பார்க்க வேண்டும். அந்த ஆசையிலேயே சமையலறை வேலை நடந்த நாட்களை ஓட்டினேன்.

வேலை முடிந்தது. அழகில் குறை சொல்ல முடியாது. இளம்பச்சைக் கதவுகள், வெள்ளைச் சுவர், கறுப்பு கிரானைட். கதவின் கலரை மட்டும் என்னைத் தேர்ந்தெடுக்க விட்டார்கள். மேடை பழையதைவிடவும் உயரம். கிட்டே போய் நின்றால் என் நெஞ்சுக்கு வந்தது. அடுப்பு வேறு அதற்கு மேல். மேல் அலமாரியில் கீழ்த்தட்டு மட்டும் விரல் நுனிக்கு எட்டியது. ஃபிட்டிங் செய்ய வந்த ஆசாரி, "கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சுரணும்னு அய்யா சொன்னாக, முடிச்சுட்டோம்" என்றார். ஆசாரிக்குத் தெரிந்த கல்யாணம் எனக்குத் தெரியவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பால் காய்ச்ச நல்ல நாள் பார்த்தார்கள். ஜெயமங்கலத்திலிருந்து மதினி வீட்டார், வருசநாட்டிலிருந்து சின்ன மாமனார் வீட்டார், தெருக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். புது அடுப்பில் வீட்டில் பிறந்த பெண்தான் பால் காய்ச்ச வேண்டும். மதினிதான் காய்ச்சுவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, மாமியார் பேத்தியின் கையில் பால் சட்டியைக் கொடுத்தார். கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியதை அதிலேயே சொல்லியாயிற்று. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் மேடை முன்னால் நின்றபோது மேடை அதற்கென்றே பிறந்தது போலப் பொருந்தியது. பால் பொங்கிக் கிரானைட்டில் வழிந்தது. குலவை போட்டார்கள்.

அந்தப் பெண் என் பக்கம் குனிந்து, "அத்த, எனக்கு டீகூடப் போடத் தெரியாது" என்று மெதுவாகச் சொல்லிச் சிரித்தது. வெள்ளந்தியாகத்தான் சொன்னது. "தெரியுது, பாலையே வழிய விட்டுட்டியே" என்றேன். அதன் முகம் சுருங்கிப் போனது. எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

வீடியோ காலில் மகனைக் கூப்பிட்டு, போனை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கை நீட்டி வாங்கினேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"தம்பி, எல்லாரும் இங்கனதான் இருக்காக. ஒன்னய ஒரு வார்த்த கேக்காம ஒனக்குப் பொண்ணு முடிவு பண்ணி, அது ஒசரத்துக்கு அடுப்பே கட்டிப்புட்டாக. இது ஒனக்குத் தெரியுமாப்பா? நீயே சொல்லு."

மகன் சிரித்தான்.

"தெரியும்மா. அப்பத்தா போன வருசமே கேட்டுச்சு. நானும் அவளும் பேசித்தான் சரின்னோம். ஒன்கிட்டச் சொன்னா நீ கத்துவ, அப்பறமாச் சொல்லிக்கலாம்னு அப்பாதான் சொன்னாக."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் நகர்ந்தார். நான் பார்க்கக் காத்திருந்த முகம் எனக்கு எதிரே, வெற்றிலையை மென்றுகொண்டு, எந்த மாற்றமும் இல்லாமல் இருந்தது.

"கேட்டியாத்தா?" என்றார் மாமியார்.

விட்டிருக்கலாம். எனக்கு விடத் தெரியாது.

"சரிடா, கல்யாணத்துக்கப்பறம் ரெண்டு பேரும் இங்கன வந்து இருப்பீகளா?"

"அங்கன வந்து என்னம்மா செய்யிறது? அவளுக்கும் இங்கதான் வேல பாத்துக்கிட்டு இருக்கேன். பெங்களூருதான்."

"அப்ப இந்த மேட யாருக்குடா?"

"எனக்கென்னம்மா தெரியும்? அப்பத்தா ஆசப்பட்டுச்சு. நீ கவலப்படாத, ஒனக்கு ஒரு ஸ்டூலு ஆர்டர் போட்டுருக்கேன். அப்பா போட்டோ அனுப்புனப்பவே போட்டுட்டேன்."

போனை என் கையிலிருந்து மதினி வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழ நேரமில்லை. வந்தவர்களுக்கு மதியச் சாப்பாடு ஆக வேண்டும். கையைத் தூக்கித் தூக்கி அத்தனை பேருக்கும் நான்தான் சமைத்தேன். சாம்பார் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் ஸ்டூல் வந்தது. வெள்ளை பிளாஸ்டிக், மடக்கி வைக்கலாம், வழுக்காமல் இருக்க மேலே ரப்பர் புள்ளிகள். அட்டைப்பெட்டியில் ஒரு சின்னப் பிள்ளை அதன் மேல் ஏறி நின்று பல் துலக்குகிற படம் போட்டிருந்தது. அன்று ராத்திரி மகன் கூப்பிட்டான்.

"எட்டுதாம்மா?"

"எட்டுது."

"நான் சொன்னேன்ல? எம்மா, பருப்புப்பொடி தீந்துருச்சு. இடிச்சு அனுப்புறியா? ரெண்டு டப்பாவாப் போடு. ஒண்ண ஜெயமங்கலத்துக்குக் குடுத்துவிட்ரு, அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அவன் மேல் எனக்கு இருந்த கோபம் இன்று வரை அப்படியே இருக்கிறது. மறுநாள் காலையில் ஸ்டூலில் ஏறி நின்று துவரம்பருப்பை வறுத்தேன். இரண்டு டப்பாவாகவே போட்டேன்.