திரையைப் பார்க்காதவள்

அலுவலகத்தில் அவளுக்கு மெஷின் என்று பெயர். மூன்று மொழிகளின் எழுத்துகளில் அறிவிப்புகள் அடித்துக் கொடுக்கும் இடம் அது. வீட்டு எழுத்து, அரசாங்க எழுத்து, வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் ஓடும் எழுத்து, மூன்றும் அவள் விரல்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண் தாளை விட்டு நகராது; திரையை ஏறிட்டும் பார்க்கமாட்டாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, அந்தப் பாவிக்கு வேறு எதில்தான் பெருமை வாய்த்தது?

பக்கத்து மேசையில் மூத்தவள், இவள் கணவனின் அண்ணன் மனைவி. ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே பேருந்து. கீபோர்டில் மூன்று நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவைத்தும், கோழி கொத்துவதுபோல் இரண்டு விரலால் தேடித் தேடித் தட்டுவாள். இருவருமே தற்காலிகம். நிரந்தர வேலை ஒன்றே ஒன்று வந்தது, அதற்குத் தேர்வும் வைத்தார்கள். வேலை கிடைத்தால் தனிக்குடித்தனம் போகலாம் என்று கணவன் இளையவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். மூத்தவள் முகத்தில் விழிக்காத ஒரு காலை, அவள் கேட்டது அவ்வளவுதான்.

மூத்தவள் முதலில் அடித்து முடித்தாள். அரைகுறைதான். அடுத்து அதே கணினியில் இளையவள் உட்கார்ந்து, அரசாங்க எழுத்தைத் தேர்ந்து வைத்துவிட்டுத் தாளை நிமிர்த்தினாள்.

"தண்ணி குடிச்சிட்டு ஆரம்பிம்மா."

மூத்தவள் டம்ளரை நீட்டினாள். மறுகையைக் கீபோர்டின் இடது ஓரத்தில் ஊன்றினாள். சேர்த்து அழுத்தினால் எழுத்தை மாற்றும் விசைகள் இரண்டும் அங்கேதான் இருந்தன. இளையவளுக்குக் கண் கலங்கிப்போயிற்று, நன்றியில்.

மேலாளர் தொடங்கச் சொன்னார். மழை கொட்டியதுபோல் அடித்தாள். நிறுத்தச் சொன்னதும்தான் தலை நிமிர்ந்தாள். திரை முழுக்க வலமிருந்து இடமாக, யாருக்கும் விளங்காத குப்பை.

"மெஷின் கழண்டுக்கிச்சு!" என்றார் மேலாளர். அறையே சிரித்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் வேறு ஒட்டினார்கள்.

"சார், இன்னொரு தடவை..."

"ஒரு தடவைதாம்மா. திரைய பாக்க முடியாத அளவுக்கு என்ன திமிரு?"

இரவு சாப்பாட்டில் மூத்தவள் அதை நடித்தே காட்டினாள். வீடு வயிறு குலுங்கச் சிரித்தது. இளையவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நீங்கதான் அந்த ஓரத்துல கைய வச்சீங்க."

"தண்ணி குடுத்த கைக்கு நல்ல மரியாதை!"

"அண்ணி மேலயா பழி போடுற?" என்றான் கணவன். "மன்னிப்பு கேளு."

கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் கேட்டாள். தனிக்குடித்தனப் பேச்சு அன்றோடு சரி.

மூத்தவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. கண்ணாடித் தடுப்புக்குள் தனி அறையும் வந்தது. அவளுக்கு வரும் தாள்களெல்லாம் இளையவள் மேசைக்கே வந்தன. இவள் அடிப்பாள், அவள் கையெழுத்துப் போடுவாள். மேலாளருக்கும் தெரியும். வேலை நடந்தால் சரி என்று இருந்துவிட்டார்.

அறைக் கதவுக்குப் பெயர்ப்பலகை வேண்டும், மூன்று எழுத்திலும். அதுவும் இவளிடம்தான் வந்தது. மூத்தவள் பின்னால் வந்து நின்று தோளில் கைவைத்தாள்.

"பாத்து அடிம்மா. போன தடவை மாதிரி ஆயிடப் போகுது."

இளையவள் மூத்தவளின் பெயரை மூன்று முறை அடித்தாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.