அஞ்சா, ஆறா?

"நாப்பது லிட்டர் பால் கலவை. அதுல பத்து சதவீதம் தண்ணி. இருபது ஆக்க இன்னும் எவ்வளவு ஊத்தணும்? பால் முப்பத்தாறு லிட்டர், அது மாறாது. அதுதான் இனிமே எண்பது சதவீதம். அப்போ மொத்தம் நாப்பத்தஞ்சு. அஞ்சு லிட்டர் ஊத்து, போ!"

காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, துணி காயப்போட்டபடியே விகிதம் சார் இதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறார். பால்காரர் காதில் விழுந்தால் தொழில் ரகசியம் போயிற்றே என்று வருந்துவார். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தருவது சாருக்குப் பிழைப்பு. பெற்றோர் வைத்த பெயர் எதிர்வீட்டுக்காரனான எனக்கே தெரியாது.

பேனாவைத் தொடமாட்டார். எல்லாம் வாய்க்கணக்குத்தான். மாணவர் அழைத்தால் எடுக்காமல் விட்டதில்லை. குளியலறையிலிருந்தும் விடை வரும். டீக்கடையில் "பாலும் டிகாஷனும் ரெண்டுக்கு மூணு" என்பார். கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு, எல்லாருக்கும் போடுகிற டீயையே நீட்டுவார். "பாத்தீங்களா அண்ணே, சுத்தமா ரெண்டுக்கு மூணு!" என்று இவர் உறிஞ்சுவார். நானும் ஆமாம் போட்டுவிடுவேன்.

போன திங்கட்கிழமை பிரசவ விடுப்பு முடிந்து அவர் மனைவி மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். அந்த வேலை அவளுக்கு லேசில் கிடைத்ததல்ல. படியில் நின்று சொன்னாள்: "நூத்தியெண்பது மில்லிக்கு ஆறு கரண்டி பவுடர். அவ்வளவுதான். ஒருநாள்கூட முடியலன்னா சொல்லிடுங்க, நான் வேலைய விட்டுடறேன்."

"யார்கிட்ட சொல்ற?" என்று சிரித்தார் சார்.

பத்து மணிக்குக் குழந்தை வீரிட்ட சத்தத்தில் நான் ஓடினேன். இடுப்பில் மகள், கையில் புட்டி, தோளில் போன். மறுநாள் தேர்வு, மாணவர்கள் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ ஒரு பீப்பாய்க் கணக்குக்கு விடை சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, போட்டது அஞ்சா, ஆறா?"

"நான் இப்பதானே வர்றேன்."

"அஞ்சுன்னா இன்னும் ஒண்ணு போடணும். ஆறுன்னா சரி. ஏழாயிருந்தா முப்பது மில்லி தண்ணி சேக்கணும்." மூன்றும் சரிதான். எது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. கணக்குப் புத்தகத்துப் பீப்பாய்களும் குடங்களும் தமக்குள் என்ன இருக்கிறதென்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகின்றன. புட்டி வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பசியில் சிவந்து கிடந்த குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

புட்டியைக் கொட்டிக் கழுவி மறுபடி ஆரம்பித்தார். நாலாவது கரண்டியில் போன் அடித்தது. எடுத்தார். யாரோ அமிலத்தில் தண்ணீர் கலந்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கரையேற்றிவிட்டுப் பார்த்தால் எண்ணிக்கை மறந்துவிட்டது. அதையும் கொட்டினார். டப்பாவின் அடி தெரிந்தது. குழந்தைக்கு இப்போது அழக்கூடத் தெம்பில்லை, விக்கிக்கொண்டிருந்தது.

"அவ வேலைய விட்டுடுவா அண்ணே," என்றார்.

மூன்றாம் முறை வெந்நீரை அளந்து ஊற்றிக் கரண்டியை எடுத்ததும் போன் மறுபடி அடித்தது. நான் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த போனை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் காய்கறிகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு ஒவ்வொரு கரண்டியையும் மகளின் முகத்துக்கு நேரே நீட்டி, "பாத்துக்கோம்மா, இது ஒண்ணு... இது ரெண்டு..." என்று காட்டிக் காட்டிப் புட்டிக்குள் போட்டார்.