அண்ணன் இடம் மாற்றிய பொம்மைக் கடை

இணையத்தில் கடை திறக்க நினைப்பவர்களுக்கு, சர்வர் என்னும் இணையக் கணினியில் அதற்கான மென்பொருளை நிறுவிக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. அலுவலகத்தில் அவனுக்கு ‘அரைத்தூக்கம்’ என்று பெயர். கட்டளையைத் தட்டிவிட்டால் திரையில் எழுத்துகள் வரி வரியாக மேலே ஏறும். அதைப் பார்த்துக்கொண்டே எங்கோ போய்விடுவான். கூப்பிட்டால் ஆள் வந்து சேரக் கொஞ்ச நேரமாகும். வேலையில் கெட்டி என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை.

கணினியை இயக்கும் மென்பொருள்களில் விண்டோஸ், வந்தவனை வாசலிலேயே நிறுத்தி ‘சரியா, சரியா’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் வீடு. லினக்ஸ் ஒன்றும் கேட்காது; சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கும். அந்த லினக்ஸிலும் பல வகை, ஒத்துப்போகாத அண்ணன் தம்பிகள் போல. ஒருவன் வீட்டில் இருக்கும் சாமான் இன்னொருவன் வீட்டில் இருக்காது. புது சர்வருக்குள் நுழையும்போதெல்லாம், ஆள் குடிவராத வீட்டில் வெறுங்காலோடு நடக்கிற சுகம் அவனுக்கு. சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை.

தங்கை துணிப் பொம்மை தைத்து இணையத்தில் விற்பவள். அவள் கடையையும் அவன்தான் பழைய சர்வரிலிருந்து வேறு வகை லினக்ஸுக்கு மாற்றிக் கொடுத்தான். “நீ உள்ள போய் ஒண்ணும் பாக்க வேணாம். ஆர்டர் வந்தா மெயில் தானா வரும்” என்றான். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் இருந்துவிட்டாள். அதன்பிறகு ஒரு மெயில்கூட வரவில்லை. காத்திருந்து கண் பூத்துப்போய், தையல் மெஷினை விற்றுவிட்டு ஆபீஸ் வேலைக்கே திரும்புவது என்று முடிவெடுத்தாள். “என் பொம்மை ஜனங்களுக்கு அலுத்துப்போச்சு அண்ணா” என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். அவனுக்குத்தான் மனசு ஆறவில்லை.

அன்று மதியம் ஒரு பாத்திரக் கடைக்காரருக்காக அதே வகை லினக்ஸில் கடையை நிறுவிக்கொண்டிருந்தான். பெய்யலாமா வேண்டாமா என்று வெளியே வானம் யோசித்துக்கொண்டிருந்தது. எழுத்துகள் ஏற ஏற அவனும் மிதந்துகொண்டிருந்தான். கடைக்காரர் சரியான அவசரக்குடுக்கை. பக்கத்தில் உட்கார்ந்து, முடிவதற்குள்ளேயே ஒரு குக்கரை ஆர்டர் செய்து பார்த்தார்.

“என்ன தம்பி, மெயிலே வரலையே?”

“இருங்க சார். பழைய சர்வர் மாதிரி இல்ல, இதுல மெயில் அனுப்புறத நாமதான் தனியா...”

தங்கை கடைக்கு அதைச் செய்த நினைவே இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் சோதனை ஆர்டர் போட்டுப் பார்த்துத்தான் ஒப்படைப்பான். தங்கைக்குப் போட்டுப் பார்க்கவில்லை. நம்ம வீட்டு வேலைதானே என்ற அலட்சியம்.

தங்கை கடையில், கடைக்காரர் மட்டும் பார்க்கும் உள்பக்கத்தைத் திறந்தான். ஆர்டர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பொம்மை கைக்கு வந்தபிறகு பணம் கொடுத்தால் போதும் என்பது அவள் ஏற்பாடு. அதனால் பணம் வந்து ஆர்டரைக் காட்டிக்கொடுக்கவும் வழியில்லை. யானை கேட்டிருந்தார்கள், நீலக் குதிரை கேட்டிருந்தார்கள். “பொண்ணு தினமும் வாசலப் பாக்குறா, எப்ப அனுப்புவீங்க?” என்று ஒருவர். “பதிலாவது போடுங்க” என்று இன்னொருவர். பாவி, என்ன காரியம் செய்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு தங்கையைப் போனில் கூப்பிட்டான்.

“மெஷினக் குடுத்துட்டியா?”

“காலைலயே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஏண்ணா?”

ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். திட்டு விழும் என்று காத்திருந்தான். விழுந்திருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

“அப்போ, யாருக்கும் பிடிக்காமப் போகலையா?” என்றாள். குரல் உடைந்திருந்தது.

“இல்லம்மா. தப்பு முழுக்க என்னோடது.”

“உன்ன அப்புறம் வச்சுக்கறேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஏதோ டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. “மெஷின்தானே போச்சு, கையா போச்சு? ஊசியில நூல் கோத்துட்டேன். மொதல்ல கேட்ட கொழந்தைக்கு என்ன வேணும், படி.”