மணி பிளாண்ட் விற்கிறவன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

முதுகு

மணி பிளாண்ட் விற்கிறவன் சுவரைப் பார்த்து நிற்கப் பழகிக்கொள்ள வேண்டும். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ்ஸில் மலையேறி வந்திருந்த ஒரு அம்மா என் முதுகுக்குப் பின்னால், கொடியில் எதை ஒடிக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தார். காசு கொடுத்து வாங்கிய மணி பிளாண்ட் விளங்காது, திருடி வைத்தால்தான் வீட்டில் செல்வம் சேரும் என்கிறார்கள். நர்சரி நடத்தும் மற்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களும் இந்நேரம் ஏதாவது ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இலைக்காம்பு முறியும் சத்தம் கேட்டது. வெறும் இலையை எடுத்துப்போனால் அது தண்ணீரில் கொஞ்ச காலம் பச்சையாக இருக்கும், கொடியாகாது. மனசு கேட்கவில்லை. கணுவோடு சேர்த்து, அதற்கு ஒரு விரல் கீழே ஒடியுங்கள், கணுவில் இருக்கும் பழுப்பு முண்டிலிருந்துதான் வேர் வரும் என்று சுவரிடம் சொன்னேன். கத்தரியையும் பின்பக்கமாக நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நீங்க பேசாம நில்லுங்க சாமி. சொல்லிக் குடுத்தா அது திருட்டாகாதுங்க.”

காவல்

செம்மேட்டில் புதிதாக லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்த தங்கவேல் அண்ணன், எல்லா அறைகளுக்கும் மணி பிளாண்ட் தொட்டி வேண்டும் என்று சொல்லியிருந்தார். இந்த ஆர்டர் போகவில்லையென்றால் நர்சரி ஷெட்டைக் காலி செய்துவிட வேண்டும், மிளகு காயப்போட இடமில்லை என்று என் மனைவி சரசு சொல்லியிருந்தாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அத்தனை தொட்டிக்கும் துண்டுகள் ஒரே தாய்க்கொடியிலிருந்து வர வேண்டும். வெட்டிய துண்டுகளை வரிசையாகத் தண்ணீர் பாட்டில்களில் போட்டுவிட்டு, மீதிக் கொடியை யாரும் ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியசாமியை உட்காரவைத்தேன். இதே மலையில் குண்டூர் நாட்டுக்காரர். மிளகிலேயே வாழ்ந்தவர். நான் மலையிறங்கிப் போய், தொட்டி மண்ணில் கலக்கும் தேங்காய் நார்க்கழிவு மூட்டையுடன் திரும்பி வந்தபோது பாட்டில்கள் எல்லாம் காலியாக இருந்தன. திருட்டுப் போகவில்லை. ஒவ்வொரு துண்டையும் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நட்டு, மிளகுக் கொடியைப் படரவிடுவதுபோல வாழை நாரால் மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார். கொடியைப் பாட்டிலில் நிறுத்திவைத்திருப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லையாம்.

தோட்டம் முழுக்க நடந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். அவரும் கூட வந்து நார்களைச் சுருட்டிக்கொண்டார். எப்போது காய்க்கும் என்று கேட்டார். இது காய்க்காது என்றேன். சுருட்டிய நாரை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“காய்க்காத கொடிக்குத்தானுங்களா என்னையக் காவல் போட்டீங்க?”

புகார்

துண்டுகள் மறுபடி பாட்டிலுக்கு வந்து, வெள்ளை வேர் விட்டு, தொட்டிக்கு மாறின. அந்த நேரத்தில் பஸ் கண்டக்டர் ஒருவர் பாலித்தீன் பையுடன் வந்தார். முன்பு இங்கே திருடிக்கொண்டு போனவர். பையிலிருந்து கருத்துக் கொழகொழத்த ஒரு தண்டை எடுத்துக் காட்டி, வேறு வேண்டும் என்றார்.

தண்ணீரை மாற்றினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். இலைகளும் தண்ணீருக்குள் கிடந்தனவா? ஆமாம், குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று முழுதாக அமுக்கி வைத்தாராம். அதனால்தான் அழுகிவிட்டது என்று விளக்கினேன். வேர் வரும் கணு மட்டும் நனைந்தால் போதும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பஸ்ஸில் சில்லறை இல்லை என்று சொல்பவர்களையும் அப்படித்தான் கேட்பார் போலிருக்கிறது.

“அதெல்லாம் இல்லீங்க. போன தடவை நீங்க ஓரக்கண்ணால பார்த்துட்டீங்க.”

லாரி

தங்கவேல் அண்ணன் சின்ன லாரியோடு வந்தார். தொட்டிகளைப் பார்த்து அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் பளபளப்பாக மூன்று நான்கு இலைகள். பிறகு முகம் வாடியது. காசு கொடுத்து வாங்கிய செடியை வாசற்படி ஏற்றக்கூடாது என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டார்களாம். திருடத்தான் வேண்டும் என்றார். லாரியை ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியதும் எடுத்துக்கொண்டு ஓடுவதற்குத்தானாம்.

நான் ஷெட்டின் கூரையைப் பார்த்தேன். மிளகு காய்வதற்கு வெயில் நன்றாகத்தான் இறங்கும்.

சரசுதான் வெளியே வந்தாள். தொட்டியும் மண்ணும் எங்களுடையவை, அவற்றை விற்கிறோம் என்றாள். செடியை அண்ணன் தாராளமாகத் திருடிக்கொள்ளலாம். பிறகு தொட்டியின் விலையைச் சொன்னாள். அந்த விலைக்கு வெண்கலத்தில் தொட்டி வாங்கலாம். அவர் பேரம் பேசாமல் கொடுத்தார்.

நான், சரசு, லாரி டிரைவர் மூவரும் சுவரைப் பார்த்து நின்றோம். அண்ணன் தனியாகச் சுமந்தார். ஐந்தாறு தொட்டிகளுக்கு மேல் மூச்சிரைப்பு கேட்டது. ஒரு கை பிடிக்கச் சொன்னார். பிடித்தால் கொடுத்ததாகிவிடுமே என்றேன். அவரே யோசித்து ஒரு வழி சொன்னார். விற்ற தொட்டியை நான் தூக்க வேண்டும், திருடும் கொடியை அவர் பிடித்துக்கொள்வார். அப்படியே செய்தோம். வேறு எங்கோ பார்த்தபடி நான் தொட்டியோடு நடக்க, கொடியின் நுனியைப் பிடித்தபடி அவர் கூடவே நடக்க, ஒவ்வொரு தொட்டியும் லாரிவரை கல்யாணப் பெண் மாதிரி போனது.

கடைசித் தொட்டியும் ஏறியதும், வேர்வையைத் துடைத்துக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அடுத்த மாசம் மாடி ரூமுக்கும் திருட வாரேன் தம்பி, வேர் விட்டு ரெடியா வையுங்க.”

எங்கள் தொழிலில் திருடர்கள் வராமல் போனால்தான் பிழைப்பு கெடும்.

லாரி போன தடத்தில் ஒடிந்த துண்டு ஒன்று கிடந்தது. சரசு குனிந்து எடுத்து, கணு இருக்கிறதா என்று பார்த்து, மண்ணை முந்தானையில் துடைத்துவிட்டு ஒரு பாட்டிலில் போட்டாள்.