மிஹ்லாரின் மையத்துகள்

ஹார்ட் டிஸ்க்கைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். வீதியில் மோட்டார் சைக்கிள் போனால் கையை உயர்த்துவான், ஓட்டுகிறவருக்கு அது தெரியப்போவதைப் போல. சத்தம் அடங்கும்வரை அப்படியே இருப்பான். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு இரண்டில் ஒன்றைச் சொல்வான்: "மூச்சிரிக்கி." அல்லது, "மௌத்து," அதாவது செத்துப்போனது.

என் தம்பி மிஹ்லார் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் திருத்துகிறான். கழற்றும் ஆணிகளை ஜாம் போத்தல் மூடிகளில், கழற்றிய ஒழுங்கிலேயே வைப்பான். அந்த மேசையில் தேநீர்க் கோப்பையை வைத்தால் மூத்தவள் என்றும் பார்க்காமல் ஏசுவான். இறக்காமத்திலிருந்து வந்த ஒரு பெட்டிக்குள் எலி சேர்த்துவைத்த நெல் இருந்தது. அதை உள்ளங்கையில் அள்ளிக் காட்டி, "இதுக்குத் தீனி போட்டா வளத்தீங்க?" என்று உடையவரிடம் கேட்டான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவன் செய்வதில் பாதி எனக்கு விளங்காது. ஆனால் அவன் திருத்திய பெட்டியில் ஓர் ஆணி மிஞ்சி நான் கண்டதில்லை.

திருத்த முடியாத டிஸ்க் அவனுக்கு மையத்து, இறந்தவர் உடல் போல; அதைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்க விடமாட்டான். என் தையல் துண்டுகளில் வெள்ளையாகப் பார்த்து எடுத்து, மையத்துக்குக் கபன் சுற்றுவதுபோல் அதில் சுற்றி, உடையவர் கையில் வைப்பான்.

"பொம்புளப் புள்ளையள்ற போட்டோ இரிக்கும் ராத்தா. கண்டவன் கையில போகப்படா. மையத்த ஊட்டார்ர கையிலதான் குடுக்கணும்."

"வாயக் கொஞ்சம் அடக்கு. மையத்து உழுந்த ஊட்டாரும்தான் இங்க வாறாங்க," என்பேன். சிரிப்பான்.

மருதமுனை றாஹிலா தறிகள் வைத்துச் சாரி நெய்விப்பவள். கரைக்கும் முந்தானைக்குமான கோலங்களை எல்லாம் அவளே கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்தாள். வேறெங்கும் பிரதி இல்லை. ஒருநாள் மின்சாரம் கூடி வந்து பெட்டி எரிந்துபோனது. பெருநாளுக்குக் கேட்டிருந்த சாரிகளுக்குக் கோலம் இல்லாமல் தறிகள் நின்றன.

மிஹ்லார் டிஸ்க்கைக் காதில் வைத்தான். "மௌத்து," என்றான். அவள் முகம் கறுத்ததும், "மேலயிரிக்கிற சர்க்கிட் பலகைதான் எரிஞ்சிரிக்கி. இதே பலகை ஒண்டு கொழும்பிலரிந்து எடுக்கலாம். வந்தாப் போட்டுப் பாப்பம். அதுமட்டும் மையத்தப் பக்குவமா வைங்க," என்று பழக்கத்தில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தான்.

பலகை வந்தது. சந்தோஷத்தோடு றாஹிலாவுக்குப் போன் எடுத்தான். அவள் அதற்குப் பிறகுதான் டிஸ்க்கைத் தேடினாள். சற்று நேரத்தில் அவளே திரும்பிப் போன் எடுத்தாள்.

"தம்பி, உம்மா அத அடக்கிட்டாவாம்."

"என்னத்த?"

"அந்த மையத்தத்தான்!"

தறி தொடங்குமுன் காலையில் அந்தக் கம்ப்யூட்டரில்தான் கிறாஅத், குர்ஆன் ஓதும் ஒலிப்பதிவு, போடுவார்கள். அதனால் உள்ளே குர்ஆன் முழுவதும் இருப்பது அவளுடைய தாய் சபியா உம்மாவுக்குத் தெரியும். கிழிந்துபோன முஸ்ஹபை, குர்ஆன் பிரதியை, எப்படிக் கால் படாத இடம் பார்த்துப் புதைப்போமோ, அப்படியே இதையும் செய்துவிட்டார். மிஹ்லார் மையத்தென்று சொன்னதை மகளும் வீட்டில் சொல்லியிருந்தாள், சத்தமும் இல்லை, சலனமும் இல்லை, வெள்ளைத் துணியும் சுற்றியிருந்தது. வேறென்ன நினைப்பார்?

என் தம்பி கையிலிருந்த போனை மேசையில் போட்டான். செருப்பும் போடாமல் ஓட்டோவில் ஏறினான். நானும் ஏறினேன்.

றாஹிலா வீட்டு மாதுளை மரத்தடியில் நான்கு செங்கல் வைத்து அடையாளம் போட்டிருந்தார் சபியா உம்மா. மண்வெட்டியோடு நின்ற றாஹிலாவை மறித்து நடுவில் நின்றார்.

"அடக்கினதத் தோண்டப்படா."

"மாமி, அது மனிசன் இல்ல. இரும்பு," என்றான் மிஹ்லார்.

"இரும்பெண்டா இரும்பெண்டு செல்லியிரிக்கணும். மையத்தெண்டு செல்லிக் கபனும் போட்டுத் தந்தது ஆரு?"

மிஹ்லார் என்னைப் பார்த்தான். நான் மாதுளையைப் பார்த்தேன்.

"உம்மா, என்ட தறியெல்லாம் சும்மா கெடக்கும்மா," என்று றாஹிலா அழத் தொடங்கினாள். கிழவி அசையவில்லை. மண்ணுக்குள் போனது அல்லாஹ்வின் சொல், தறிக்காக அதைக் கிளற ஏலாது என்றார்.

என் தம்பி மணலில் குந்தினான். குரல் இறங்கிவிட்டது.

"மாமி, நான் பகிடிக்குச் செல்லிட்டன். அது மௌத்தாகல்ல. உள்ளுக்கு உசிர் இரிக்கி. வெளியிலதான் எரிஞ்ச."

சபியா உம்மாவின் கை நெஞ்சுக்குப் போனது.

"யா அல்லாஹ்! உசிரோடயா நான் அடக்கின?"

யாரும் மண்வெட்டியைத் தொடுமுன் அவர் மண்டியிட்டுவிட்டார். செங்கற்களைத் தள்ளி, இரண்டு கைகளாலும் மணலை வாரி வாரிப் பின்னால் எறிந்தார். முக்காடு சரிந்தது தெரியவில்லை. "என்ன மன்னிச்சிரு, என்ன மன்னிச்சிரு," என்று மணலோடு கதைத்தார். மிஹ்லாரும் குந்தியபடியே தோண்டினான். நனைந்திருக்குமோ என்று பயந்தேன். கடலோர மண், கொஞ்சம் ஆழம் போனாலே ஈரம்.

ஒரு பிஸ்கட் டின் வந்தது. வாயில் மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது. குர்ஆனில் தண்ணீர் படக்கூடாதென்று செய்த வேலை. உள்ளே பொலித்தீன், அதற்குள் என் வெள்ளைத் துணி, அத்தர் வாசம்.

"அத்தரையுமா பூசினீங்க?" என்று மிஹ்லார் கத்தினான்.

"துணியில மட்டுந்தான் மனே."

டின்னைப் பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டு சபியா உம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார். மிஹ்லார் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினான். எரிந்த பலகையிலிருந்து எள்ளளவு துண்டொன்றைச் சூடு காட்டிக் கழற்றிப் புதியதில் ஒட்டினான். அந்தப் பலகையை டிஸ்க்கில் பூட்டி ஆணிகளை முடுக்கினான். கரண்ட் கொடுத்துவிட்டு உள்ளங்கையை டிஸ்க்கின் மேல் வைத்தான்.

திரை கறுப்பாகவே நின்றது. பிறகு ஒரு சாரிக் கரை வந்தது, இன்னொன்று வந்தது. றாஹிலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சபியா உம்மா திரையின் பக்கம் திரும்பவில்லை. மண் காயாத விரல்களை முந்தானையில் துடைத்தபடி டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனே, அதுக்கு ஒண்டும் ஆகல்லயே?"

ஒரு பகிடி வரும் என்று நினைத்தேன். என் தம்பி கதிரையை விட்டு எழுந்து அவரை அதில் இருத்தினான். அதிரும் டிஸ்க்கின் மேலிருந்த தன் கையை எடுத்து, கை வைக்கும்படி அந்த இடத்தை அவருக்குக் காட்டினான்.