பதிவுப் படிவத்தில் ஒரு பிழை

பாக்கியலெட்சுமிக்கு 2007ஆம் ஆண்டு வந்த பதில்களில் பாதி "வருந்துகிறோம்" என்று தொடங்கின. மீதிக் கம்பனிகளுக்கு வருந்தவும் நேரம் கிடைக்கவில்லை, பேசாமல் இருந்துவிட்டன.

அவள் தேடியது மென்பொருள் சோதனையாளர் வேலை. அது என்ன வேலை என்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவளுக்கு அறை கொடுத்திருந்த டோரினுக்கு விளங்கப்படுத்தவே மூன்று நாள் பிடித்தது.

"ஒருத்தவங்க செஞ்சு வச்ச புரோகிராம்ல எங்கெங்க பிழை இருக்குன்னு கண்டுபுடிச்சு எழுதிக் குடுக்கணும், அன்ரி."

"பிழை பிடிக்கிறதுக்குச் சம்பளமா? எங்கட மனுசன் முப்பது வருசமா இந்த வீட்டில அதைச் சும்மாவெல்லோ செய்யிறார்!"

அவளை இந்த வழியில் இழுத்துவிட்டது இரத்மலானையில் ஒரு ஆடைத் தொழிற்சாலை. அங்கே அவள் கணக்குகளைக் கணினியில் பதிபவளாக இருந்தாள். களஞ்சியத்துக்கென்று புதிதாக ஒரு மென்பொருள் வாங்கினார்கள். இருக்கும் சட்டைகள் எத்தனை என்று அது கேட்ட இடத்தில், பாக்கியம் விளையாட்டாக மைனஸ் ஐந்து என்று அடித்துப் பார்த்தாள். அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து, நாற்பத்தொரு பிழைகளை ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்தாள். அந்த மென்பொருளைக் கணினியில் பூட்ட வந்தவர், "இதுக்கெண்டே வேலை இருக்கு தங்கச்சி, நீங்க ஏன் இங்க இருக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறு மாதத்தில் தொழிற்சாலைக்கு ஓடர் நின்றது, அவளையும் நிறுத்தினார்கள். அந்த மனிதரின் வார்த்தை மட்டும் கையில் மிஞ்சியது.

வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதலில் சான்றிதழ் கேட்டார்கள். வெள்ளவத்தையில் ஒரு மாடியில் சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய் அதை எடுத்தாள். எடுத்து முடிந்ததும், தரவுத்தளத்தில் கேள்வி எழுதத் தெரியுமா என்றார்கள். இரண்டு மாதத்தில் அதையும் படித்தாள். அதற்குள் உலகம் நகர்ந்துவிட்டதாம், கையால் சோதிப்பது பழைய முறையாம், தானாகச் சோதிக்கும் கருவி தெரிய வேண்டுமாம். அதையும் ஒரு மாதிரிப் பிடித்துக்கொண்டு போய் நின்றால், "இரண்டு வருட அனுபவம்" என்றார்கள். அதை எந்த மாடியில் சொல்லிக் கொடுக்கிறீர்கள் ஐயா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

மஸ்கெலியாவில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் அவள் தாய் ஆறாயி நாளும் குறித்துவிட்டாள். தீபாவளிக்குள் வேலை கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டத்து லயத்துக்கு வந்துவிட வேண்டும். "வேல இல்லாத பொண்ணு குண்டு வெடிக்கிற ஊர்ல என்னாத்துக்கு ஒக்காந்திருக்கணும்?" என்பது தாயின் கேள்வி. பொலிஸின் கேள்வியும் ஏறக்குறைய அதுவேதான்.

கொழும்பில் தங்கும் தமிழர் யாராக இருந்தாலும் வீட்டுக்காரர் படிவம் நிரப்பிப் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது. பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர், கொழும்பில் இருப்பதற்கான காரணம், வேலை செய்யும் இடம். போன தடவை "வேலை தேடுகிறார்" என்று எழுதியதற்கு, சோதனைக்கு வந்த இருவர் வாசலில் முக்கால் மணி நேரம் நின்று கேள்வி கேட்டார்கள். வேலை தேடுவது ஒரு காரணமாக அவர்களுக்குப் படவில்லை. காரணம் வேண்டுமென்றால் வேலை வேண்டும், வேலை தேடுவதற்கு இங்கே இருக்க வேண்டும், இருப்பதற்குக் காரணம் வேண்டும். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

ஐப்பசியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. காலி வீதியில், வெள்ளவத்தைப் பக்கம் இருந்த ஒரு சிறிய கம்பனி அனுபவத்தைப் பற்றிக் கேட்காமல் ஒரு சோதனை வைத்தது. அதில் அவள்தான் முதல். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு முகாமையாளரைச் சந்தித்தால் முடிந்தது என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

ஞாயிறு மாலை அவள் வெளியே போய்விட்டு வந்தபோது டோரின் சிரித்த முகத்தோடு இருந்தாள்.

"பொலிஸுக்குப் புதுப் படிவம் குடுத்தாச்சு பிள்ளை. இந்தமுறை ஒரு கேள்வியும் வராது. நீ அந்தக் கம்பனியில வேலை எண்டு எழுதிப்போட்டன்."

"அன்ரி! எனக்கு இன்னும் வேலயே கெடைக்கலியே!"

"நாளைக்குக் கிடைக்கப் போகுதுதானே. அந்தோனியாருக்கு நேர்த்தியும் வெச்சாச்சு. ஒரு நாள் முந்தி எழுதினா என்ன குடியா முழுகிப்போகும்?"

வேறொருத்தி என்றால் சிரித்துவிட்டுப் போய்ப் படுத்திருப்பாள். பாக்கியம் சோதனையாளர். பிழையைக் கண்டால் உடனே பதிவு செய், மற்றவன் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதே என்று வகுப்பில் மாய்ந்து மாய்ந்து சொல்லியிருந்தார்கள். அத்தோடு வழியில் மறித்து எங்கே போகிறாய் என்று கேட்டால், நேர்முகத்துக்கு என்பதா, வேலைக்கு என்பதா? திங்கள் காலை எட்டு மணிக்கு, அயன் பண்ணிய உடுப்போடு, தானாகவே பொலிஸ் நிலையத்தின் படியேறினாள்.

இருபது வருடச் சேவையில் படிவத்தைத் திருத்த வந்த ஒருத்தரையும் அந்தச் சார்ஜன்ட் கண்டிருக்கமாட்டார். எல்லோரும் பிடித்து இழுத்தால்தான் வருவார்கள். இவள் நடந்து வந்திருக்கிறாள். அதுவே அவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. ஏன் பொய் எழுதினாய் என்று சிங்களத்தில் கேட்டார். பொய்யில்லை, பிழை என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். பிழையென்றால் ஏன் நீயே வந்தாய் என்றார். பிழை என்பதால்தான் வந்தேன் என்றாள். சுவரோரம் கிடந்த மரவாங்கில் இருக்கச் சொன்னார்.

ஒன்பது மணியானது. பத்தானது. பத்தரை அவள் கண் முன்னால் சுவர்க் கடிகாரத்தில் வந்து, போயே போய்விட்டது. பதினொன்றரைக்குத்தான் சார்ஜன்ட் கம்பனிக்கு அழைத்தார். இரண்டு நிமிடம் பேசிவிட்டு ரிசீவரை வைத்தார்.

"நீ அங்கேதான் வேலை செய்கிறாய் என்று சொல்கிறார்கள். ஏன் இல்லையென்று என் நேரத்தை வீணாக்கினாய்? போ, வேலைக்குப் பிந்திவிட்டது."

ஒன்றும் விளங்காமல் பஸ் பிடித்து ஓடினாள். கம்பனி வரவேற்பு மேசையில் ஆளணிப் பொறுப்பாளர் ஜவாஹிறா எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான், மகள், பேசின. பொம்புளப் புள்ளய பொலிஸ்ல வெச்சிக்கொண்டு கேக்கிறான். இல்ல எண்டு சென்னா உங்கள உள்ளுக்குப் போட்டுடுவான் எண்டு பயந்துட்டேன். ஓம், எங்கட ஸ்டாஃப்தான் எண்டு சென்னேன்."

பாக்கியத்துக்கு அழுகை வந்தது. "அப்ப இன்டர்வியூ, மேடம்?"

ஜவாஹிறா கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார். "மனேஜர் சேர் கேட்டுக்கொண்டு நிண்ட. பொலிஸ் தேடுற ஆள எடுக்க ஏலாது எண்டுட்டார். இடத்த மத்தப் புள்ளக்கிக் குடுத்தாச்சு."

"யாரும் தேடலீங்க! நானாத்தான் போனேன்! பிழைய திருத்தத்தான் போனேன்!"

"அத ஏன், மகள், போன?"

பாக்கியம் திரும்பி நடந்தாள். சார்ஜன்ட் மேலும், சேர் மேலும், டோரின் மேலும், அந்தோனியார் மேலும், எல்லாருக்கும் மேலாகத் தன் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. படியிறங்கும்போது ஜவாஹிறா பின்னால் வந்து மெல்லச் சொன்னார்: "பகல்ல வீட்டுல இருக்க வாணாம். அவங்க வந்து பாத்தா நான் பொய் சென்னது வெளிய வந்துடும். ரெண்டு மூணு மாசத்துக்கு அப்படிச் செய்ங்க, எனக்காக."

காப்பாற்றிய மனிசியைக் காட்டிக்கொடுக்க முடியாது. செவ்வாய்க்கிழமையிலிருந்து பாக்கியம் தினமும் ஏழரைக்குச் சோற்றுப் பார்சலோடு புறப்பட்டாள். பொது நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள், படித்ததைத் திரும்பப் படித்தாள், ஐந்து மணிக்கு மற்றவர்களோடு இடிபட்டுப் பஸ்ஸில் வீடு வந்தாள். களைப்பு என்னவோ உண்மையான களைப்புத்தான்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது ஆறாயி தோட்டத்துக் கடையிலிருந்து அழைத்தாள். பெட்டி கட்டியாயிற்றா என்றுதான் தாய் கேட்பாள் என்று பாக்கியம் பதிலை ஆயத்தப்படுத்திக்கொண்டாள். அங்கே குரல் வேறு மாதிரி இருந்தது. கொழும்பில் சந்தேகப்பட்டு எழுதியிருக்கிறார்கள் போல, அடையாள அட்டை விலாசத்தைச் சரிபார்க்க ஒரு கான்ஸ்டபிள் லயத்துக்கே போயிருந்தார்.

"ஒன் மக கம்ப்யூட்டர் கம்பனில வேல செய்றான்னு பொலிஸே வந்து சொல்லிட்டுப் போறாங்க! பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடி. சந்தோசத்துல லயமெல்லாம் சீனித்தண்ணி கரைச்சுக் குடுத்தேன். போதும் சாமி, இனி நான் ஒன்னய வான்னு கூப்புடமாட்டேன்."

பாக்கியம் வாயைத் திறந்தாள். தாய் அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது.

"வேல புடிச்சிருக்கா பாக்கியம்?"

"புடிச்சிருக்கும்மா," என்றாள்.