மூன்று பேருக்கு மூன்று ஊர்

பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் திறந்துகொண்டே ஜெபம் செய்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேயிலைச் சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. லயத்து வீட்டின் முன்னறையில் வழக்கம்போலப் பாயில் உட்கார்ந்திருந்தோம். தற்செயலாக நான் தலைதூக்கினேன். அக்காவின் வாய் ஜெபித்துக்கொண்டிருக்க, கண்கள் ஒவ்வொரு முகமாக நகர்ந்தன. என் முகத்திலும் சற்று நின்றன.

காரணம் இருந்தது. அக்காவின் மகள் கணவனின் அடி தாங்காமல் கைக்குழந்தையோடு ஓடி வந்திருந்தாள். அவன் மலையடிவாரத்துத் தாப்பாவில் லோரி ஓட்டுகிறவன். தோட்டத்தில் வைத்திருந்தால் தேடி வருவான் என்று, பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒரு தோழியின் வீட்டில் அவளை அக்கா மறைத்து வைத்தார். அதை எங்கள் ஜெபக் கூட்டத்தில்தான் அழுதுகொண்டே சொன்னார். கேட்டவர்கள் மூன்று பேர்: நான், ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, அக்காவின் நாத்தனார். மறுநாளே அவன் அந்தத் தோழி வீட்டு வாசலில் நின்றான். அக்கம்பக்கத்தார் ஓடி வருவதற்குள் மகளின் கை முறிந்திருந்தது. போலீஸ் அவனைப் பிடித்துப் போனது. ஜாமீனில் வெளியே வந்துவிட்டான்.

அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்தது. எனக்கு ஆயாவின் மேல்தான் சந்தேகம். அவருடைய தம்பியும் லோரிக்காரன். ஆயா என்னைப் பார்த்த பார்வையிலும் அதே சந்தேகம் இருந்தது. ஆனாலும் கூட்டம் நிற்கவில்லை. அக்கா முன்போலவே எங்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஒருநாள் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து நடக்கையில் அக்கா குரலைத் தாழ்த்தினார். "மகள பிரிஞ்சாங்ல ஒரு பூக்கடைக்காரங்க வீட்ல விட்டிருக்கேன். உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்லா." எனக்குப் பெருமையாக இருந்தது. என் கணவரிடம்கூட நான் வாய் திறக்கவில்லை.

சில நாட்களில் செய்தி வந்தது. மருமகன் லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டங்களில், மனைவியின் படத்தைக் காட்டி விசாரித்துக்கொண்டு திரிகிறானாம். அக்கா நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"நீதானே?" என்றார் அக்கா.

நாத்தனார் மறுக்கவில்லை. "திருந்திட்டேன்னு போன்ல அழுதான் அண்ணி. ஆண்டவர் சேர்த்து வச்ச குடும்பம், பிரியக்கூடாதுன்னுதான் சொன்னேன்."

"அவ கை ஒடஞ்ச பிறகும் சொல்லியிருக்க."

நாத்தனார் தலை குனிந்து அழுதார். அக்கா அவர் தோளைத் தொட்டார். "உன்ன மன்னிக்கணும், மன்னிச்சிருவேன். ஆனா மன்னிச்சவங்கள நம்பியே ஆகணும்னு ஆண்டவர் சொல்லல. இனிமே என் பிள்ளை விஷயம் உன் காதுக்கு வராது."

திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. லெம்பா பெர்த்தாமா? எனக்குச் சொன்னது பிரிஞ்சாங் ஆயிற்றே.

"அவகிட்ட லெம்பா பெர்த்தாம்னு சொன்னேன், ஆயாகிட்ட கம்போங் ராஜான்னு சொன்னேன்" என்றார் அக்கா, நான் கேட்பதற்கு முன்பே. "மூணும் பொய். அதுக்கு ஆண்டவர்கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்."

"என்மேலயுமா சந்தேகப்பட்டீங்க?"

அக்கா நின்றார். "சீஷருங்க காலைக் கழுவினப்ப, காட்டிக்கொடுக்கப் போறது யாருன்னு ஆண்டவருக்குத் தெரிஞ்சிருந்தது. எனக்குத் தெரியலையேம்மா."

அன்று எனக்கு வலித்தது. பல நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. மகள் பிறகு விவாகரத்து வாங்கி, வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். அக்கா இறந்தபின் ஜெபக் கூட்டத்தை நான் நடத்துகிறேன். இப்போது யாராவது அழுதுகொண்டே ஒரு பெயரையோ ஊரையோ சொல்லத் தொடங்கினால், "அது ஆண்டவருக்குத் தெரியும், நமக்கு வேணாம்" என்று தடுத்துவிடுகிறேன். சிலருக்கு முகம் சுருங்குகிறது.

மகள் அந்த நாட்களில் உண்மையில் எங்கே இருந்தாள் என்று அக்கா கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.